இன்னொரு கரண்டிக் கஞ்சி

தொடர்கதை படித்துக் கண் கலங்காத குடும்பம் உண்டா? ஒருவர் உரக்கப் படிக்க, பாட்டியார் முதல் பள்ளிக்கூடத்துப் பையன் வரை சூழ்ந்து உட்கார்ந்து கேட்பதும், ‘தொடரும்’ என்ற சொல் வந்ததும் பெருமூச்சு விடுவதும், அடுத்த இதழ் வரும் வரையில் கதாநாயகியின் கதி என்னவாகுமோ என்று கவலைப்படுவதும் நம் இல்லங்களில் நெடுநாள் நடந்துவந்த காரியங்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் இவ்வாறேதான் நடந்தது. சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்கள் முதலில் முழுப் புத்தகமாய் வெளிவரவில்லை. சில நாவல்கள் மாதம் ஒரு ஷில்லிங் விலையில் தனிப் பகுதிகளாக வந்தன. வேறு சில பத்திரிகைகளில் தொடர்கதையாக வந்தன. 1850-ஆம் வருஷத்தில் அவர் தாமே ஆரம்பித்து நடத்திய ‘ஹவுஸ்ஹோல்ட் வோர்ட்ஸ்’ என்னும் வாரப் பத்திரிகையின் விலை இரண்டு பென்ஸ்தான். கணப்பின் அருகே குடும்பத்தோடு அமர்ந்து இவற்றைப் படித்தவர்களில் அநேகர் சாப்பாட்டுக்குக் குறைவில்லாதவர்கள். அவர்கள் படித்ததோ சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்களின் கதை.

அவர்கள் வடித்த கண்ணீர் எங்கே போயிற்று, அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம் விளைந்தது என்பதை இந்த வாரம் சற்று ஆராய விரும்புகிறோம். அதற்கு, அக்காலத்து நாவல்கள் இரண்டில் வரும் ஒரே மாதிரியான காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பசித்தவர்கள் கூடிச் சீட்டுக் குலுக்குகிறார்கள்.

முதலாவது சீட்டு ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில் விழுகிறது. 1837 பிப்ரவரி முதல் 1839 ஏப்ரல் வரை ஒரு மாதப் பத்திரிகையில் வெளிவந்த கதை இது. ஆலிவர் தாயற்ற பிள்ளை, ஒன்பது வயது, ஏழை விடுதியில் இருக்கிறான். வேளைக்கு ஒரு கிண்ணம் நீர்த்த கஞ்சி. வாரத்தில் இரு முறை ஒரு வெங்காயம். ஞாயிற்றுக்கிழமை பாதி ரொட்டி. இதுதான் அங்கே ஆகாரம். பசி பொறுக்கமாட்டாத பையன் ஒருவன், பக்கத்தில் படுத்திருப்பவனை ஏதாவது ஓர் இரவில் தின்றுவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது என்கிறான். ஆகையால் யாரேனும் ஒருவன் எழுந்து சென்று இன்னும் கொஞ்சம் கஞ்சி கேட்டே தீரவேண்டும் என்று தீர்மானித்துப் பையன்கள் சீட்டுப் போடுகிறார்கள். ஆலிவர் பெயருக்குச் சீட்டு விழுகிறது. அவன் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போய்க் கேட்கிறான். கேட்டது இன்னொரு கரண்டிக் கஞ்சி, அவ்வளவுதான். கரண்டியாலேயே அவன் தலையில் ஓர் அடி விழுகிறது. நிர்வாக சபைக் கனவான்கள் திடுக்கிட்டுப் போகிறார்கள். இவன் ஒரு நாள் தூக்கில் தொங்கப்போகிறவன் என்று அவர்களில் ஒருவர் ஜோசியம் சொல்கிறார். இந்தப் பையனை யாராவது அழைத்துக்கொண்டு போனால் ஐந்து பவுன் இனாம் என்று மறுநாள் வாசலில் விளம்பரம் ஒட்டப்படுகிறது.

கதாசிரியர் மிகைப்படுத்திவிட்டார் என்று தோன்றலாம். ஆனால் டிக்கன்ஸ் எழுதியது 1834-ஆம் வருஷத்து ஏழைகள் சட்டத்தைப் பற்றியே. விடுதியில் கிடைக்கும் வாழ்வு, வெளியே உள்ள மிகவும் தாழ்ந்த கூலிக்காரனின் வாழ்வைவிடக் கீழாகவே இருக்கவேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் மூலதத்துவம். வெளியே இருப்பவனே அரை வயிற்றுக்குச் சாப்பிட்டால், உள்ளே இருப்பவனுக்குக் கால் வயிறுதானே நியாயம்! கணவன் ஒரு பகுதியில், மனைவி ஒரு பகுதியில், குழந்தைகள் வேறொரு பகுதியில் என்று குடும்பத்தைப் பிரித்து வைத்தார்கள். சோம்பேறிகள் உதவியை நாடி வராமலிருக்க இது நல்ல உபாயம் என்று படித்த கனவான்கள் மனப்பூர்வமாய் நம்பினார்கள். ஆலிவரின் கதை வெளிவந்து முடிந்து ஆறு வருஷங்களுக்குப் பிறகு, 1845-இல், ஆண்டோவர் என்ற ஊரின் விடுதியில் நடந்த ஒரு விஷயம் அம்பலமாயிற்று. எருவுக்காக எலும்பு நொறுக்கும் வேலையில் விடப்பட்ட ஏழைகள், பசி தாங்காமல் அந்த எலும்புகளில் ஒட்டியிருந்த தசையையும் மஜ்ஜையையும் கடித்துத் தின்றிருந்தார்கள். நாவலாசிரியரின் கற்பனை உண்மைக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தது.

டிக்கன்ஸுக்கு இந்தப் பசி கேள்வி ஞானம் அன்று. 1824-இல் அவருடைய தந்தை சுமார் நாற்பது பவுன் கடனுக்காக லண்டனில் மார்ஷல்ஸீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுப் பையனான டிக்கன்ஸ், பூட்ஸுக்குப் பூசும் கருமசி செய்யும் தொழிற்சாலையில் டப்பிகளுக்குக் காகிதம் ஒட்டி, வாரம் ஆறு ஷில்லிங் சம்பாதித்தார். இந்த அவமானத்தை அவர் பகிரங்கமாய்ச் சொன்னதே இல்லை. 1870-இல் அவர் காலமான பிறகு, நண்பர் பார்ஸ்டர் எழுதிய ஜீவிய சரித்திரத்தின் மூலமே உலகம் அதை அறிந்தது.

இவ்வளவு அறிந்தவர் ஆலிவருக்கு என்ன வழி காட்டினார்? ஒரு தயாள குணமுள்ள கிழவனார் வந்து சேருகிறார். ஆலிவர் ஒரு கனவானின் மகன் என்பதும் அவனுக்குச் சொத்து உண்டு என்பதும் தெரிய வருகின்றன. கதை சுபமாய் முடிகிறது. ஆனால் ஆலிவருக்கு விடுதியில் டிக் என்று ஒரு சிறு நண்பன் உண்டு. சுகம் பெற்ற ஆலிவர் அவனைத் தேடிக்கொண்டு திரும்பி வரும்போது அந்தக் குழந்தை இறந்து போயிருக்கிறது. டிக்கைத் தேடி எந்தக் கிழவனாரும் வரவில்லை; அவனுக்குச் சொத்தும் இல்லை. கதையைச் சுபமாய் முடித்தாலும், டிக்கின் மரணத்தை மறைக்காமல் எழுதிய டிக்கன்ஸின் நேர்மையை நாம் போற்ற வேண்டும்.

நிற்க. இரண்டாவது சீட்டு ‘மேரி பார்ட்டன்’ என்னும் நாவலில் விழுகிறது. இதை எழுதியவர் ஸ்ரீமதி எலிஸபெத் காஸ்கெல். மாஞ்செஸ்டரில் ஒரு பாதிரியாரின் மனைவி. 1845-இல் அவருடைய ஆண் குழந்தை ஸ்கார்லெட் ஜுரம் என்னும் விஷ ஜுரத்தால் இறந்தது. புத்திர சோகத்தை மறப்பதற்காகவே அவர் எழுத உட்கார்ந்தார். ஆனால் தம் துக்கத்தை எழுதவில்லை; அதே ஜுரத்தில் தம் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஆலைத் தொழிலாளரின் துக்கத்தை எழுதினார். 1848-இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் புத்தகம் வெளிவந்தது.

கதாநாயகியின் தந்தை ஜான் பார்ட்டன் ஒரு நெசவாலைத் தொழிலாளி. அவன் மகன் ஜுரம் கண்டு படுத்திருக்கிறான். நல்ல ஆகாரம் கொடுத்தால் பிழைப்பான் என்கிறார் வைத்தியர். ஆலை மூடப்பட்டதால் வேலை இல்லை. கையில் காசு இல்லை. பார்ட்டன் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்கு வெளியே நின்று உள்ளே அடுக்கியிருக்கும் பண்டங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்போது அவனுடைய பழைய முதலாளியின் மனைவி விருந்துக்கு வேண்டிய சாமான்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வண்டி ஏறுகிறாள். அவன் வீடு திரும்பும்போது குழந்தை பிணமாய்க் கிடக்கிறது.

இன்னொரு காட்சி. டேவன்போர்ட் என்ற தொழிலாளி ஈரம் கசியும் நிலவறையில் காய்ச்சலோடு கிடக்கிறான். அவனுக்காக ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்கி வர வில்ஸன் என்ற நண்பன் முதலாளி கார்ஸனின் மாளிகைக்குப் போகிறான். சமையலறையில் காத்திருக்கிறான். அடுப்பில் காலை உணவு தயாராகிறது. மணம் மூக்கைத் துளைக்கிறது. வில்ஸன் அன்று எதுவும் சாப்பிடவில்லை. வேலைக்காரர்கள் கெட்டவர்கள் அல்லர். கேட்டிருந்தால் ரொட்டியும் மாமிசமும் கொடுத்திருப்பார்கள். ஆனால் தங்களுக்குப் பசி இல்லாததால், எதிரே நிற்பவனுக்குப் பசி இருக்கலாம் என்பது அவர்களுடைய நினைவுக்கே வரவில்லை. முதலாளியும் குரூரமானவர் அல்லர். உள்ளே படுக்க இடம் தரும் சீட்டு தம்மிடம் இல்லை என்று, வெளி நோயாளிச் சீட்டு ஒன்று கொடுக்கிறார். அவர் மகன் ஐந்து ஷில்லிங் எடுத்துக் கொடுக்கிறான். நோயாளி பிழைக்கவில்லை.

பார்ட்டன் பொறுத்துப் பார்க்கிறான். ‘சார்ட்டிஸ்டுகள்’ என்ற கட்சியார் 1839-இல் பார்லிமெண்டுக்கு ஒரு மனுக் கொண்டு போனார்கள். எல்லா ஆண்களுக்கும் ஓட்டுரிமை, இரகசிய ஓட்டு, அங்கத்தினருக்குச் சம்பளம் முதலிய ஆறு கோரிக்கைகள் கொண்ட அந்த மனுவில் 12 லட்சத்து 80 ஆயிரம் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். மனுவை ஆலோசனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பிரேரணைக்கு ஆதரவாக 46 ஓட்டு. எதிராக 235 ஓட்டு. இது சரித்திரம். மாஞ்செஸ்டர் தொழிலாளரின் பிரதிநிதியாக அந்த மனுவோடு லண்டனுக்குப் போய் மனம் முறிந்து திரும்புகிறவர்களில் ஒருவனாகப் பார்ட்டனைச் சித்திரிக்கிறார் காஸ்கெல் அம்மையார். ஒரு தேசத்து ஏழைகள் அனைவரும் சேர்ந்து இன்னொரு கரண்டிக் கஞ்சி கேட்டார்கள். ஆலிவருக்குக் கிடைத்த பதிலே அவர்களுக்கும் கிடைத்தது.

பிறகு ஒரு வேலை நிறுத்தம். சமரசம் பேச வந்த தொழிலாளப் பிரதிநிதிகளின் கந்தலையும் மெலிந்த உருவத்தையும் பார்த்து, முதலாளியின் மகன் ஹாரி கார்ஸன் ஒரு பரிகாசப் படம் வரைந்து தன் கூட்டாளிகளிடம் காட்டிச் சிரிக்கிறான். பிறகு அந்தக் காகிதம் தொழிலாளரின் கையில் சிக்குகிறது. அன்று இரவு அதே காகிதத்தைத் துண்டு துண்டாய்க் கிழித்து, ஒன்றில் மட்டும் அடையாளமிட்டுச் சீட்டுப் போடுகிறார்கள். அடையாளச் சீட்டு பார்ட்டனுக்கு விழுகிறது. ஹாரி கார்ஸனைக் கொல்ல வேண்டும் என்பதே அதன் பொருள், பார்ட்டன் கொன்றும்விடுகிறான். பதினொரு வருஷ இடைவெளியில் வெளிவந்த இந்த இரண்டு நாவல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, கஞ்சி கேட்கச் சென்ற கை துப்பாக்கி ஏந்திய கையாக மாறுவதற்கு எத்தனை மறுப்புகள் வேண்டும் என்பது நமக்குப் புலனாகிறது. கொலையை அம்மையார் நியாயப்படுத்தவில்லை. மரணத் தறுவாயில் பார்ட்டன் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். மகனை இழந்த கிழ முதலாளி அவனை மன்னிக்கிறார். அவர் கைகளிலேயே பார்ட்டனின் உயிர் பிரிகிறது.

மன்னிப்பு உயர்ந்த காரியம்தான். ஆனால் ஆலையில் கூலி என்ன ஆயிற்று? மேரி பார்ட்டனும் அவள் காதலனும் கலியாணம் செய்துகொண்டு கானடாவுக்குக் கப்பல் ஏறிவிடுகிறார்கள். அந்த நாட்களில் ஆங்கில நாவலாசிரியர்களுக்குக் கப்பல் ஒரு பெரிய உதவி. ‘டேவிட் காப்பர்பீல்டு’ நாவலில் கடனாளி மிக்காபர் ஆஸ்திரேலியாவுக்கு ஏற்றுமதியாகிறார். உள்ளூரில் தீராத பிரச்னையைக் கடல் கடத்திவிட்டால் கடைசி அத்தியாயம் சுலபமாகிவிடுகிறது!

‘மேரி பார்ட்டன்’ முதலாளிகளுக்கு அநீதி செய்துவிட்டது என்று ஒரு கூச்சல் கிளம்பியது. ‘எடின்பரோ ரிவ்யூ’ பத்திரிகையில் கிரெக் என்பவர் 1849-இல் நீண்ட கண்டனம் எழுதினார். ஆனால் தொழிலாளருக்காகக் கண்ணீர் விட்ட நாவலாசிரியர்களும், தொழிலாளர் ஒன்றுசேர்வதைக் கண்டு நடுங்கினார்கள் என்பதுதான் விசித்திரம். இதற்கு டிக்கன்ஸே சாட்சி.

லங்காஷயரில் பிரெஸ்டன் என்ற ஊரின் நெசவுத் தொழிலாளர், முன்பு குறைக்கப்பட்ட நூற்றுக்குப் பத்துக் கூலியைத் திருப்பிக் கேட்டு 1853-54-இல் மாதக் கணக்காய்ப் போராடினார்கள். முதலாளிகள் ஆலைகளைக் கதவடைத்தார்கள். 1854 ஜனவரியில் டிக்கன்ஸ் நேரில் போய்ப் பார்த்தார். தொழிலாளர் கூட்டங்கள் எவ்வளவு ஒழுங்காகவும் அமைதியாகவும் நடந்தன என்று தம் பத்திரிகையில் மெச்சி எழுதினார். ஆவேசமாய்ப் பேச எழுந்த ஒருவரைத் தலைவர் அடக்கி உட்கார வைத்ததையும் எழுதினார். இரண்டு மாதத்திற்குள் அதே பத்திரிகையில் ‘ஹார்ட் டைம்ஸ்’ என்ற தொடர்கதையை ஆரம்பித்தார். அதில் வரும் தொழிற்சங்கத் தலைவன் ஸ்லாக்பிரிட்ஜ் வெறும் வாய்ப் பந்தல்காரன். கூட்டம் அவனை அடக்கவில்லை. அவன் பேச்சில் மயங்கி, சங்கத்தில் சேர மறுக்கும் உத்தமத் தொழிலாளி ஸ்டீபன் பிளாக்பூலை ஒதுக்கி வைக்கிறது. கண்ணால் கண்டதை நிருபராய் எழுதிய அதே பேனா, கதை எழுதும்போது பயந்துவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்தக் கதையின் ஒரு காட்சியைச் சொல்லாமல் விடுவது அநியாயம். ஸ்டீபனின் மனைவி குடிகாரி. அவளிடமிருந்து விடுதலை பெறச் சட்டத்தில் வழி உண்டா என்று முதலாளியிடம் கேட்கிறான். உண்டு என்கிறார் அவர். ஆனால் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு பவுன் செலவாகும், அதற்கு இரு மடங்கு ஆனாலும் ஆகலாம் என்கிறார். இதுவும் கற்பனை அன்று. 1857-ஆம் வருஷத்துச் சட்டம் வரும் வரையில், விவாகரத்துச் செய்துகொண்டு மறுமணம் செய்ய விரும்புகிறவர் தம் ஒருவருக்காகப் பார்லிமெண்டில் தனிச் சட்டம் இயற்றிக்கொள்ள வேண்டும். பணமுள்ளவனுக்குத் திறக்கும் கதவு ஏழைக்குச் சுவர் என்பதை அந்த ஒரு பக்கத்தில் டிக்கன்ஸ் காட்டிவிட்டார்.

பயத்தைக் கடந்து ஓரடி முன்னே வைத்தவர் காஸ்கெல் அம்மையாரே. ‘ஹார்ட் டைம்ஸ்’ முடிந்த அடுத்த மாதம், 1854 செப்டம்பரில், டிக்கன்ஸின் பத்திரிகையிலேயே அவருடைய ‘நார்த் அண்ட் சவுத்’ தொடங்கியது. அதில் பெஸ்ஸி என்ற பத்தொன்பது வயதுப் பெண், பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து இறந்துகொண்டிருக்கிறாள். தூசியை இழுத்து அகற்ற ஒரு விசிறிச் சக்கரம் உண்டு. ஆனால் அதற்கு ஐந்நூறு, அறுநூறு பவுன் ஆகும், லாபம் ஒன்றும் வராது என்பதால் சில முதலாளிகளே வைக்கிறார்கள் என்கிறாள். அதோடு விடவில்லை. சக்கரம் வைத்த ஓர் ஆலையில் தொழிலாளரே முணுமுணுத்தார்களாம். தூசியை விழுங்கிப் பழகியவர்களுக்கு அது நின்றதும் பசி அதிகமாயிற்று, ஆகவே கூலி உயரவேண்டும் என்றார்களாம்! வறுமையின் விகாரத்தை இதைவிடச் சுருக்கமாய்ச் சொல்ல முடியுமா?

பெஸ்ஸியின் தந்தை ஹிக்கின்ஸ் சங்கத்துக்காரன், முரடன், ஆனால் மானமுள்ளவன். வேலை நிறுத்தம் தோற்ற பிறகு, நீரில் விழுந்து உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு தொழிலாளியின் ஆறு குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக, முதலாளி தார்ன்டனின் வாசலில் ஐந்து மணி நேரம் காத்து நின்று வேலை கேட்கிறான். முதலில் கடிந்து அனுப்பிய முதலாளி, உண்மை அறிந்தபின் தாமே அவன் இருப்பிடம் தேடிச் சென்று வேலை கொடுக்கிறார். பிறகு இருவரும் எதிரெதிரே நின்று வாதாடுகிறார்கள். ஆலையில் தொழிலாளருக்குப் பொதுச் சாப்பாட்டு அறை ஏற்படுகிறது. அங்கே யாரும் கிண்ணம் ஏந்தவில்லை, சீட்டும் குலுக்கவில்லை. இரு மனிதர் பேசுகிறார்கள். கடைசியில் நொடித்துப்போன தார்ன்டனைக் காப்பாற்றக் கதாநாயகிக்கு ஒரு சொத்து வந்து சேரத்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் புதிதாய் ஒரு பாதை தெரிந்தது.

உண்மையில் பரிகாரம் எப்படி வந்தது? மெதுவாய் வந்தது, கேட்டவர்கள் ஓயாமல் கேட்டதால் வந்தது. பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் பத்து மணி வேலை என்ற ஆலைச் சட்டம் 1847-இல் ஏற்பட்டது. நகரத் தொழிலாளரில் பலருக்கு 1867-இல் ஓட்டுரிமை கிடைத்தது. 1871-இல் தொழிற்சங்கங்கள் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றன. 1872-இல் இரகசிய ஓட்டு வந்தது. பார்லிமெண்டு அங்கத்தினருக்கு 1911-இல் சம்பளம் வந்தது. எல்லா ஆண்களுக்கும் 1918-இல் ஓட்டு வந்தது. பார்லிமெண்டு 1839-இல் உதறித் தள்ளிய ஆறு கோரிக்கைகளில், வருஷத்துக்கொரு தேர்தல் என்பதைத் தவிர மற்றவையெல்லாம் ஏறக்குறைய நிறைவேறிவிட்டன. ஆலிவரை அடித்த ஏழைகள் சட்டமோ 1948-இல்தான் முற்றிலும் ஒழிந்தது. ஆலிவர் கிண்ணத்தை நீட்டி 111 வருஷங்கள் ஆகியிருந்தன.

இந்தக் கதைகளின் கண்ணுக்குத் தப்பிய ஒரு விஷயமும் உண்டு. மாஞ்செஸ்டர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்க அடிமைகள் பறித்தது. அங்கே நெய்த துணியின் மலிவினால் நம் நாட்டுக் கைத்தறிக்காரர் தொழில் இழந்தனர். ஆலையின் உள்ளே அவ்வளவு உற்றுப் பார்த்த அம்மையாரின் பார்வை, பஞ்சு வந்த திசைக்கும் துணி போன திசைக்கும் செல்லவில்லை. அந்தக் கணக்கு 1931-இல் நேருக்கு நேர் வந்தது. வட்ட மேஜை மகாநாட்டுக்குச் சென்றிருந்த காந்தியடிகள், செப்டம்பரில் லங்காஷயருக்குப் போனார். நம்முடைய அந்நியத் துணி பகிஷ்காரத்தாலும் உலக வியாபார மந்தத்தாலும் அங்கே ஆலைகள் மூடிக் கிடந்தன. அவர் அத்தொழிலாளரின் கஷ்டத்தைக் கேட்டார். அதைவிடப் பெரிய இந்தியக் கிராமத்தின் வேலையின்மையை எடுத்துச் சொன்னார். பகிஷ்காரத்தைக் கைவிடுவதாகச் சொல்லவில்லை. டார்வென் என்ற ஊரில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்யும் புகைப்படம் பிரசித்தமானது. ஜான் பார்ட்டனின் பேத்திகள், தங்கள் துணியை வேண்டாம் என்று சொன்ன மனிதரை வாழ்த்தினார்கள். பசி இன்னதென்று அறிந்தவர்களுக்குப் பசியின் பாஷை விளங்கியது போலும்.

ஆகவே, நாவல் படித்து வடிக்கும் கண்ணீரால் சட்டம் மாறிவிடும் என்று நாம் சொல்லமாட்டோம். சட்டத்தை மாற்றியவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். ஆனால், கேட்பவனைக் கண்டு திடுக்கிடும் கனவான்களின் வீட்டுக்குள்ளே அந்தக் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தது கதைதான். கார்ஸன் மாளிகையின் வேலைக்காரர்களுக்கு நல்ல மனம் இருந்தது, ரொட்டியும் இருந்தது, எதிரே நின்றவனுக்குப் பசிக்கும் என்ற நினைவு ஒன்றுதான் இல்லை. அந்த நினைவைத் தருவதே இத்தகைய நாவல்களின் உபகாரம். புத்தகத்தை மூடி வைத்த பிறகு, நம் சமையலறை வாசலில் நிற்பவர் இன்று சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கவும், அவர் கூடுதலாய்க் கூலி கேட்டால் திடுக்கிடாமல் உட்கார்ந்து பேசவும் நாம் கற்றுக்கொண்டோமானால், டிக்கன்ஸும் காஸ்கெல் அம்மையாரும் எழுதியது வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.